கொள்முதலிலும் நீதி: கூஃபாவின் ஜவுளி வணிகர் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்)



இமாமுல் அஃழம் என்று சிறப்பித்து அழைக்கப்படும் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயரை அறியாத முஸ்லிம் எவரும் இலர். ஒளூவின் ஃபர்ளு முதல் ஜனாஸாவின் தக்பீர் வரை அன்னாரின் மத்ஹபின்படியே கோடிக்கணக்கான மக்கள் அமல் செய்து வருகின்றனர். அன்னாரின் இரவு வணக்கம், பேணுதல், கல்விச் சிறப்பு ஆகியவை மிம்பர்களில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றன. ஆனால் அன்னார் தம் கையால் சரக்கு வாங்கி, விற்று, தூர தேசங்களுக்கு அனுப்பி, கூட்டாளிகளிடம் கணக்குப் பார்த்து வாழ்ந்த ஜவுளி வணிகர் என்பது போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லப்பட்டு விடுகிறது. நம் ஜமாஅத்தார்களில் கடை நடத்துவோரும், நிறுவனங்களின் கொள்முதல், விற்பனைப் பிரிவுகளில் பணியாற்றுவோரும், அயல்நாடுகளில் ஏற்றுமதி இறக்குமதி அலுவல்களைக் கவனிப்போரும் இருத்தலால், அந்த ஒரு வரியை இவ்வாண்டு மலரில் சற்று விரித்து எழுத முற்பட்டுள்ளோம்.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) இராக்கின் கூஃபா நகரில் பிறந்தார்கள். அப்போது கலீஃபாவாக இருந்தவர் உமய்யா மரபினரான அப்துல் மலிக் இப்னு மர்வான். இமாம் அவர்களின் இயற்பெயர் நுஃமான். தந்தையார் ஸாபித். பாட்டனார் காபூல் பகுதியிலிருந்து வந்தவர் என்பது வரலாற்று நூல்களில் பரவலாகக் காணப்படும் செய்தி. குடும்பம் பாரசீக வழியினது, தொழில் ஜவுளி. நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களைத் தம் இளமையில் கண்டவர்கள் என்ற வகையில் இமாம் அவர்களைத் தாபிஈன்களுள் ஒருவராக அறிஞர் பலர் எண்ணுகின்றனர்.

கூஃபா எத்தகைய ஊர் என்பதை அறிந்தால்தான் அந்த வணிகத்தின் அளவு விளங்கும். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638), ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் யூப்ரடீஸ் நதிக்கரையில் படைவீரர்களுக்கென அமைத்த பாசறை அது. இரண்டு தலைமுறைகளுக்குள் பெரும் சந்தை நகரமாக வளர்ந்து விட்டது. தெற்கே பஸ்ரா துறைமுகம். அதன் வழியே பாரசீக வளைகுடாவும் இந்தியக் கடலும். கிழக்கே குராஸான் செல்லும் பெருவழி. மேற்கே ஷாம் தேசம். தென்மேற்கே ஹாஜிகள் செல்லும் ஹிஜாஸ் பாதை. இமாம் அவர்கள் பிறப்பதற்குச் சற்று முன்னர்தான் அப்துல் மலிக், ரோமானியப் பொற்காசுகளையும் பாரசீக வெள்ளிக் காசுகளையும் ஒதுக்கிவிட்டு, இஸ்லாமிய அரசின் சொந்த தீனாரையும் திர்ஹமையும் அச்சிட்டிருந்தார். சரக்கும் காசும் எல்லைகளைத் தாண்டி ஓடத் தொடங்கிய காலம் அது.

இமாம் அவர்கள் விற்ற துணிக்குக் கஸ்ஸு என்று பெயர். பட்டு ஆண்களுக்கு ஹராம் ஆயிற்றே, பட்டு வணிகம் எவ்வாறு எனச் சிலர் வினவக்கூடும். கஸ்ஸு என்பது முழுப் பட்டன்று; பட்டும் கம்பளி நூலும் கலந்து நெய்யப்பட்டது. ஊடை நூல் பட்டாக இல்லாத துணியை ஆண்களும் உடுத்தலாம் என்பது ஹனஃபீ மத்ஹபின் சட்டம். ஸஹாபாக்களில் சிலரே கஸ்ஸு உடுத்தியதாக அறிவிப்புகள் உள்ளன. விலை மிகுந்த துணிதான். ஆகவே தரத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் விலையில் பெரு வேறுபாடு ஏற்படும். கண் தேர்ந்தவனுக்கு ஆதாயமும், தேராதவனுக்கு நட்டமும் தரும் சரக்கு அது. இமாம் அவர்களைக் குறித்து வரும் வணிக நிகழ்ச்சிகள் அனைத்திலும் இந்தச் செய்தி பின்னால் நிற்கிறது.

கூஃபாவில் அம்ரு இப்னு ஹுரைஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில் இமாம் அவர்களின் கடை இருந்தது என்றும், ஊரறிந்த கடை அது என்றும் ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) தம் பக்தாது வரலாற்றில் பதிவு செய்துள்ளார்கள். கஸ்ஸுத் துணி தயாரிப்பதற்கென ஒரு பெரிய கட்டடமும், அதில் கைவினைஞர்களும் கூலியாட்களும் அன்னாருக்கு இருந்தனர் என்று இமாம் தஹபீ (ரஹ்) எழுதுகிறார்கள். ஆக, உற்பத்தி, கொள்முதல், சில்லறை விற்பனை, வெளியூர் அனுப்புதல் ஆகிய நான்கும் ஒரே நிர்வாகத்தின் கீழ் நடந்தன. இன்றைய வழக்கில் சொன்னால், அது கடையன்று, நிறுவனம்.

கல்வியின்பால் அன்னார் திரும்பியதும் சந்தைக்குப் போகும் வழியில்தான். இளைஞரான அன்னார் ஒருநாள் சென்று கொண்டிருக்கையில் கூஃபாவின் பேரறிஞர் ஷஅபீ (ரஹ்) அவர்கள் அழைத்து, எங்கே போய் வருகிறீர் என வினவினார்கள். சந்தைக்கு என்று விடை வந்தது. தாம் கேட்டது எந்த ஆலிமிடம் போகிறீர் என்பதையே என்று விளக்கிய ஷஅபீ (ரஹ்), இவரிடம் கூர்மையும் துடிப்பும் காணப்படுவதால் அறிஞர்களின் சபையை விடலாகாது என்று அறிவுறுத்தினார்கள். அச்சொல் மனத்தில் தைத்தது. பின்னர் ஹம்மாது இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் பதினெட்டு ஆண்டுகள் மாணவராக இருந்து, ஹிஜ்ரி 120இல் உஸ்தாது மறைந்த பின், ஏறத்தாழ நாற்பதாம் வயதில் அவர்களின் இருக்கையில் அமர்ந்தார்கள்.

இந்த இடத்தில் வேறொருவராயின் கடையை மூடியிருப்பார். இமாம் அவர்கள் மூடவில்லை. நம்பகமான கூட்டாளிகளையும் ஆட்களையும் வைத்துக் கடையை நடத்திக்கொண்டே தர்ஸும் நடத்தினார்கள். ஏன் அவ்வாறு செய்தார்கள் என்பதற்கு விடை அன்னாரின் பிற்கால வாழ்வில் கிடைக்கிறது. அதற்கு முன் அந்த வணிகம் எவ்வாறு நடந்தது என்பதைக் காண்போம்.

எல்லோரும் அறிந்த நிகழ்ச்சி ஹஃப்ஸு இப்னு அப்துர் ரஹ்மான் என்ற கூட்டாளியைப் பற்றியது. இமாம் அவர்கள் சரக்கு அனுப்ப, அவர் விற்றுக் கொடுப்பார். ஒருமுறை வணிகக் கூட்டத்தார் ஒருவருடன் துணிகளை அவருக்கு அனுப்பியபோது, இன்ன துணியில் இன்ன குறை இருக்கிறது, அதை விற்கும்போது வாங்குவோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று செய்தியும் சேர்த்து அனுப்பினார்கள். ஹஃப்ஸு சரக்கு முழுவதையும் விற்றார். குறையைச் சொல்ல மறந்தார். வாங்கியவர் யார் என்பதும் அவருக்கு நினைவில்லை. செய்தி தெரிந்ததும் இமாம் அவர்கள், அந்தச் சரக்கின் முழு விலையையும் ஸதகாவாகக் கொடுத்துவிட்டார்கள்.

இந்நிகழ்ச்சி பேணுதலுக்கு எடுத்துக்காட்டாகவே பயான்களில் சொல்லப்படுகிறது. நிர்வாகத்தின் கோணத்திலும் நோக்குவோர்க்கு இதில் மேலும் சில உண்டு. சரக்கு புறப்படும் முன்பே ஒவ்வொரு துணியும் பிரித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. குறை கண்டறியப்பட்டு, எந்தத் துணியில் என்பது குறிக்கப்பட்டிருக்கிறது. அச்செய்தி சரக்குடனேயே அடுத்த ஊருக்குச் சென்றிருக்கிறது. தவறு விற்பனையாளரின் மறதியில் நேர்ந்தது. எனினும் பொறுப்பை முதலாளியே ஏற்றார்கள். குறையுள்ள துணி ஒன்றாக இருக்க, முழுத் தொகையையும் ஏன் கொடுத்தார்கள் என்று சிலர் வியப்பர். அந்த ஒன்றின் காசு மொத்தக் காசுடன் கலந்து போய்விட்டது, பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே கலந்தது முழுவதையும் விட்டார்கள் என்றே நாம் விளங்கிக் கொள்கிறோம்.

விற்பனையில் நேர்மை என்பது நமக்குப் பழகிய பேச்சு. அளவில் குறைக்காதே, கலப்படம் செய்யாதே, குறையை மறைக்காதே என்று சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். கொள்முதலில் நேர்மை என்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மலிவாக வாங்குவதே திறமை எனக் கருதுகிறோம். விற்பவனுக்குத் தன் பொருளின் மதிப்புத் தெரியவில்லை என்றால் அது நம் அதிர்ஷ்டம் என்றும் எண்ணுகிறோம். இமாம் அவர்களின் வாழ்வில் நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது இந்தப் பக்கம்தான்.

ஒரு பெண்மணி பட்டுத்துணி ஒன்றை விற்பதற்காகக் கடைக்குக் கொண்டு வந்தார். விலை என்ன என்று கேட்கப்பட்டபோது நூறு என்றார். இமாம் அவர்கள் துணியைப் பார்த்துவிட்டு, இது நூறுக்கு மேற்பட்டது என்றார்கள். அவர் இருநூறு என்றார். அதற்கும் மேல் என்றார்கள். இவ்வாறே நூறு நூறாக ஏறி நானூறு வரை வந்தது. அதற்கும் மேல்தான் என்று இமாம் அவர்கள் கூறவே, தம்மைக் கேலி செய்வதாக அப்பெண்மணி நினைத்தார். ஒரு ஆளை அழைத்து வாருங்கள், அவர் மதிப்பிடட்டும் என்று இமாம் அவர்கள் சொன்னார்கள். ஆள் வந்தார். ஐந்நூறுக்கு அத்துணி வாங்கப்பட்டது.

நூறு என்று சொன்னவர் அவரே. அவரும் மனம் ஒப்பியே சொன்னார். நூறுக்கு வாங்கியிருந்தால் எந்தக் காழியும் அந்த வியாபாரத்தை ரத்து செய்யப் போவதில்லை. ஆயினும் கடைக்கார இமாமுக்குத் துணியின் மதிப்புத் தெரியும். எதிரில் நின்றவருக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவரின் அறியாமையை விலையாக மாற்றிக்கொள்ள மறுத்தார்கள். தம் சொல்லையே அவர் நம்ப வேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை. வெளியார் ஒருவரின் மதிப்பீட்டைக் கேட்டார்கள். விளைச்சலின் விலை தெரியாமல் களத்திலேயே விற்கும் விவசாயியிடமும், அவசரத்துக்கு நகையையோ நிலத்தையோ விற்க வரும் குடும்பத்தாரிடமும் பேரம் பேசியிருப்போர்க்கு இந்த நானூறு வேறுபாடு போன்ற தொகைகள் புதியவையல்ல.

இதற்கு நேர்மாறான இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. நண்பர் ஒருவர் குறிப்பிட்ட நிறத்தில், குறிப்பிட்ட தன்மையில் கஸ்ஸுத் துணி வேண்டும் என்று கேட்டார். அத்தகையது வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள் இமாம் அவர்கள். சில நாள்களில் துணி வந்தது. நண்பர் கடைவழியே சென்றபோது எடுத்துக் கொடுத்தார்கள். விலையைக் கேட்டதற்கு ஒரு திர்ஹம் என்றார்கள். நண்பருக்கு வருத்தம், தாம் பரிகாசத்துக்கு உள்ளானதாக எண்ணினார். இமாம் அவர்கள் கணக்கை விளக்கினார்கள். இரண்டு துணிகளை இருபது தீனாருக்கும் ஒரு திர்ஹத்துக்கும் வாங்கியிருந்தார்கள். அவற்றில் ஒன்று இருபது தீனாருக்கு விற்றுப் போயிற்று. மற்றொன்று தமக்கு ஒரு திர்ஹத்தில் நிற்கிறது. அந்த அடக்க விலைக்கே தருவதாகச் சொன்னார்கள்.

கணக்குத் தணிக்கை செய்வோர் இம்முறையைக் கண்டு புருவம் உயர்த்தக்கூடும். ஒரு துணியின் அடக்கத்தை மற்றொன்றின் தலையில் ஏற்றலாமா என்பர். நண்பருக்கு இலவசமாகத் தந்தால் அவர் மனம் கூசும். ஆகவே பொய் கலவாத ஒரு கணக்கின் மூலம் அன்பளிப்பை விலையாக மாற்றியிருக்கிறார்கள் என்பதே எங்கள் எண்ணம். ஏழை மூதாட்டி ஒருவர் அடக்க விலைக்குத் துணி கேட்டபோது இதே போன்ற கணக்கில் நான்கு திர்ஹத்துக்குக் கொடுத்ததாகவும் அறிவிப்பு உள்ளது. எவ்வாறாயினும், தம்மிடம் உள்ள ஒவ்வொரு துணியும் என்ன அடக்கத்தில் நிற்கிறது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லத்தக்க நிலையில் அன்னாரின் கணக்கு இருந்தது என்பது தெளிவு.

அந்தக் கடையில் கற்றது தர்ஸில் சட்டமாயிற்று. ஹனஃபீ ஃபிக்ஹில் வணிகப் பாடங்கள் அத்தனை விரிவாக இருப்பதற்குக் காரணம், அதன் மூல ஆசிரியர் சந்தையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதே. ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயா நூலை நம் அரபுக் கல்லூரிகளில் ஓதிய ஆலிம்கள் இதை நன்கறிவர். அதிலிருந்து சிலவற்றை மட்டும் இங்குக் காட்டுகிறோம்.

முதலாவது, பிறருக்காக வாங்குபவரும் பிறருக்காக விற்பவரும். ஒருவர் தம் பொருளை விற்றுவர வேறொருவரை வகீலாக, அதாவது பிரதிநிதியாக நியமித்தால், அவர் குறைந்த விலைக்கு விற்றாலும் கூடுதல் விலைக்கு விற்றாலும் செல்லும் என்பது இமாம் அவர்களின் தீர்ப்பு. அன்னாரின் மாணவர்களான அபூ யூஸுஃப் (ரஹ்), முஹம்மது (ரஹ்) இருவரும் இதில் மாறுபட்டு, மக்கள் பொறுத்துக் கொள்ளாத அளவு விலை குறைந்தால் செல்லாது என்றனர். ஆனால் வாங்கிவர நியமிக்கப்பட்ட வகீலுக்கு இமாம் அவர்கள் அந்தத் தாராளத்தைத் தரவில்லை. சந்தை விலைக்கு, அல்லது விவரமறிந்தோர் மதிப்பிடும் எல்லைக்குள் அடங்கும் சிறு கூடுதலுக்கு மட்டுமே அவர் வாங்கலாம். அதைத் தாண்டினால் அந்தக் கொள்முதல் முதலாளியைக் கட்டுப்படுத்தாது.

விற்பவருக்கு ஒரு நீதி, வாங்குபவருக்கு ஒரு நீதியா என்ற கேள்வி எழும். அதற்கு ஹிதாயா தரும் காரணம், வாங்கும் இடத்தில் சந்தேகத்துக்கு வழி இருக்கிறது என்பதாகும். வகீல் அப்பொருளைத் தமக்கென்றே வாங்கியிருக்கலாம். பின்னர் அது நட்டம் என்று கண்டதும் முதலாளியின் கணக்கில் தள்ளிவிட்டிருக்கலாம். விற்பனையில் அத்தகைய வழி இல்லை. எத்தனை கூர்மையான நோக்கு! கொள்முதல் மேசையில் அமர்ந்திருப்பவரைச் சோதனை எந்தப் பக்கமிருந்து நெருங்கும் என்பது கடையில் உட்கார்ந்தவர்க்கே தெரியும்.

அடுத்ததும் இதனோடு சேர்ந்ததே. விற்கவோ வாங்கவோ நியமிக்கப்பட்ட வகீல், தம் தந்தை, பாட்டனார் ஆகியோருடனும், தமக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னால் ஏற்கப்படாத ஏனைய நெருங்கிய உறவினருடனும் அந்த வியாபாரத்தைச் செய்யலாகாது என்பது இமாம் அவர்களின் கூற்று. மாணவர்கள் இருவரும் சந்தை விலைக்குச் செய்தால் கூடும் என்று சற்றுத் தளர்த்தினர். இமாம் அவர்கள் தளர்த்தவில்லை. விலை சரியாக இருந்தாலும் உறவு என்பது சந்தேகத்தின் வாசல் என்று கருதினார்கள். இன்று பெரிய நிறுவனங்களில், சப்ளையர்களுள் தம் உறவினர் எவரேனும் உண்டா என்று கொள்முதல் அலுவலரிடம் எழுதி வாங்குகிறார்கள். அது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நம் இளைஞர்கள் நினைக்க வேண்டியதில்லை. கூஃபாவில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அலசப்பட்ட விஷயம். சப்ளையரிடம் கைநீட்டிப் பெறும் கமிஷனைப் பற்றி நாம் தனியே எழுத வேண்டிய அவசியமும் இல்லை. தந்தைக்கு நியாய விலையில் விற்பதையே தடுத்தவர் அதை என்னென்பார் என்பதை வாசகர்களே அறிவர்.

இரண்டாவது, அடக்க விலையைச் சொல்லி, அதன்மேல் இவ்வளவு ஆதாயம் என்று பேசி விற்கும் முறாபஹா. இதில் எந்தெந்தச் செலவுகளை அடக்கத்தில் சேர்க்கலாம்? துணியை வெளுத்த கூலி, சாயமேற்றிய கூலி, பூவேலை செய்த கூலி, சரக்கை ஏற்றிவந்த கூலி ஆகியவற்றைச் சேர்க்கலாம். கிடங்கு வாடகையைச் சேர்க்கலாகாது. அது பொருளையும் கூட்டவில்லை, மதிப்பையும் கூட்டவில்லை என்பது காரணம். அவ்வாறு செலவுகளைச் சேர்த்தபின் விற்பவர் தாம் இன்ன விலைக்கு வாங்கியதாகச் சொல்லலாகாது. தமக்கு இன்ன விலையில் நிற்கிறது என்றே சொல்ல வேண்டும். முந்தையது பொய்யாகிவிடும். இருபது தீனார் துணியின் கணக்கை நண்பருக்கு விளக்கிய அதே சொல் இது. அடக்கத்தைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றியது பின்னர் தெரிய வந்தால், வாங்கியவர் முழு விலைக்கு வைத்துக் கொள்ளலாம், அல்லது வியாபாரத்தையே ரத்து செய்யலாம் என்று இமாம் அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

மூன்றாவது, தூர தேச வணிகத்துக்கு உயிரான ஸலம். விலையை முன்னதாகவே முழுவதும் கொடுத்துவிட்டு, சரக்கைப் பின்னொரு நாளில் பெற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் இது. கண்ணில் காணாத பொருளுக்குக் காசு கொடுப்பதால் தகராறுக்கு இடம் அதிகம். எனவே இமாம் அவர்கள் ஏழு நிபந்தனைகளை வைத்தார்கள். பொருளின் இனம், வகை, தரம், அளவு, தவணை, கொடுக்கும் தொகை ஆகிய ஆறும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏழாவதாக, சுமைகூலி ஆகக்கூடிய சரக்காயின் அது எந்த இடத்தில் ஒப்படைக்கப்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் நடந்த இடமே ஒப்படைக்கும் இடம். தனியே சொல்ல வேண்டியதில்லை என்றனர் மாணவர்கள் இருவரும். இமாம் அவர்கள் விடவில்லை. இடம் மாறினால் கூலி மாறும், கூலி மாறினால் விலை மாறும் என்பது அன்னாரின் வாதம். இறக்குமதித் துறையில் உள்ளோர் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்று தினமும் எழுதும் எழுத்துகளின் பொருளும் இதுதானே: சரக்கின் பொறுப்பும் கூலியும் எந்த இடத்தில் யாருடைய கைக்கு மாறுகின்றன என்பது.

துணிக்கு ஸலம் செய்தால் நீளம், அகலம், கனம் மூன்றும் சொல்ல வேண்டும். பட்டுத்துணியாயின் எடையும் சொல்ல வேண்டும் என்று ஹிதாயா கூறுகிறது. நூலை எண்ணிப் பார்த்துத் துணி வாங்கியவர்களின் சட்டம் என்பது இதிலேயே தெரிகிறது. தவிரவும், ஒப்பந்தம் செய்த நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை அப்பொருள் சந்தையில் கிடைத்துக் கொண்டிருக்க வேண்டும் என்றும் இமாம் அவர்கள் நிபந்தனையிட்டார்கள். ஒப்படைக்கும் நாளில் கிடைத்தால் போதும் என்பது பின்வந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. இரண்டுக்கும் ஆதாரங்கள் உண்டு. வணிகர்கள் என்ற நிலையில் நோக்கினால், முன்பணம் கொடுத்தவரின் காசு முடங்கிவிடக் கூடாதே என்ற கவலையை முந்தைய கருத்தில் நாம் காண்கிறோம்.

இனி, ஆதாயம் எங்கே போயிற்று என்பதைப் பார்ப்போம். இமாம் அவர்கள் சரக்குகளைப் பக்தாதுக்கு அனுப்பி, அவற்றின் கிரயத்தில் அங்கே பொருள்கள் வாங்கிக் கூஃபாவுக்கு வரவழைப்பார்கள். ஓராண்டின் ஆதாயத்தைச் சேர்த்து வைத்து, அதிலிருந்து ஆலிம்களுக்கும் முஹத்திஸுகளுக்கும் வேண்டிய உணவு, உடை முதலியவற்றை வாங்கித் தருவார்கள். எஞ்சியதைக் காசாகக் கொடுப்பார்கள். தமக்கு நன்றி கூற வேண்டாம், அல்லாஹ்வையே புகழுங்கள் என்றும், இது தம் சொந்தப் பொருளன்று, அவர்கள் பங்கை அல்லாஹ் தம் கையில் ஓட விட்டிருக்கிறான் என்றும் சொல்வார்கள்.

மாணவர் அபூ யூஸுஃப் (ரஹ்) வறிய குடும்பத்தவர். வயிற்றுப்பாட்டைக் கவனிக்குமாறு தந்தையார் சொன்னதால் தர்ஸுக்கு வருவதைக் குறைத்துக் கொண்டார். காரணத்தை அறிந்த இமாம் அவர்கள், சபை கலைந்ததும் நூறு திர்ஹம் கொண்ட பையொன்றை அவரிடம் கொடுத்து, தீர்ந்ததும் சொல்லுமாறு கூறினார்கள். அவர் ஒருபோதும் சொல்ல நேரவில்லை. தீரும் தறுவாயில் அடுத்த பை வந்துவிடும். அந்த மாணவரே பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியாகி, நிலவரி, சுங்கவரி முதலியவற்றை நெறிப்படுத்தும் கிதாபுல் கராஜ் என்ற நூலை இயற்றினார். எல்லை கடந்து வரும் வணிகரிடம் எவரெவரிடம் எவ்வளவு வரி கொள்வது என்பதும் அதில் உண்டு. கூஃபாக் கடையின் ஆதாயம் எங்கெல்லாம் சென்று சேர்ந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கடன்காரரிடம் அன்னார் நடந்து கொண்ட விதமும் குறிப்பிடத்தக்கது. பத்தாயிரம் திர்ஹம் தர வேண்டிய ஒருவர், தெருவில் இமாம் அவர்களைக் கண்டதும் வெட்கி வேறு வழியில் திரும்பினார். அவரை அழைத்துக் காரணம் கேட்டறிந்த இமாம் அவர்கள், கடன் முழுவதையும் விட்டுக் கொடுத்ததோடு, தம்மைக் கண்டு அவர் உள்ளம் கலங்கியதற்காக அவரிடமே மன்னிப்பும் கேட்டார்கள். தமக்குக் கடன்பட்டவரின் சுவர் நிழலில் ஒதுங்கக்கூட மறுத்தார்கள். கடனால் வரும் எந்தப் பயனும் வட்டியைச் சார்ந்துவிடுமோ என்ற அச்சம். கூஃபாவில் திருட்டு ஆடு ஒன்று மந்தையில் கலந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, ஆடு எத்தனை ஆண்டு வாழும் என விசாரித்து, ஏழாண்டு காலம் ஆட்டிறைச்சியைத் தவிர்த்தார்கள் என்பதும் பலரும் அறிந்ததே.

கடையை ஏன் மூடவில்லை என்று மேலே கேட்டிருந்தோம். உமய்யாக்களின் இறுதிக் காலத்தில் இராக்கின் ஆளுநராக இருந்த இப்னு ஹுபைரா, இமாம் அவர்களுக்கு அரசுப் பதவி அளிக்க முன்வந்தார். அன்னார் மறுத்தார்கள். நாளொன்றுக்குப் பத்து வீதம் நூற்றுப் பத்துக் கசையடிகள் விழுந்தன. அப்போதும் ஏற்கவில்லை. பின்னர் மக்காவுக்குச் சென்று, அப்பாஸியர் ஆட்சி நிலைபெறும் வரை அங்கே தங்கினார்கள். கலீஃபாவின் மானியத்தில் வாழ்ந்தவராக இருந்திருந்தால் அந்த மறுப்பு இவ்வளவு எளிதாக வந்திராது. சோற்றுக்கு வழி அம்ரு இப்னு ஹுரைஸின் இல்லத்தில் இருந்த கடையிலிருந்து வந்தது.

அப்பாஸிய கலீஃபா மன்ஸூர் ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) பக்தாது நகரைக் கட்டத் தொடங்கினார். அவரும் காழிப் பதவியை ஏற்கும்படி வற்புறுத்தினார். அவரிடமும் மறுப்பே கிடைத்தது. எப்படியேனும் அரசுப் பணியில் ஈடுபடுத்தியே தீருவேன் என்று சத்தியம் செய்துவிட்ட கலீஃபா, நகர மதிலுக்கான செங்கல் தயாரிப்பையும் கணக்கையும் கவனிக்கும் வேலையை ஒப்படைத்ததாக வரலாற்றாசிரியர் தபரீ (ரஹ்) எழுதுகிறார்கள். இலட்சக்கணக்கான கற்களை ஒவ்வொன்றாக எண்ணுவது எங்ஙனம்? இமாம் அவர்கள் ஒரு நாணற்கோலை எடுத்து அடுக்குகளை அளந்து கணக்கிட்டார்கள். அம்முறையில் செங்கல்லை முதலில் கணக்கிட்டவர் அன்னாரே என்பது தபரீயின் குறிப்பு. நீதிபதியின் இருக்கையை மறுத்தவர், சரக்கு எண்ணும் வேலையை மறுக்கவில்லை.

மன்ஸூர் பெருந்தொகை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தபோது, பக்தாதில் தாம் அந்நியர் என்றும் அதைப் பாதுகாத்து வைக்கத் தம்மிடம் இடமில்லை என்றும் கூறி, பைத்துல்மாலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இமாம் அவர்கள் மறைந்த பின், மக்கள் நம்பி ஒப்படைத்திருந்த அமானிதங்கள் அன்னாரின் வீட்டிலிருந்து வெளியே வந்தன. ஊராரின் பொருளை வைக்க இடமிருந்தவருக்குத் தம் பணத்தை வைக்க மட்டும் இடமில்லாமல் போனதன் பொருளைக் கலீஃபா அப்போதுதான் விளங்கிக் கொண்டார்.

காழிப் பதவியை ஏற்க மறுத்ததற்காகச் சிறையிலிடப்பட்ட இமாம் அவர்கள், ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் வஃபாத்தானார்கள். சிறையிலேயே மறைந்தார்கள் என்பது பெரும்பாலோர் கூற்று. வயது எழுபது. பக்தாதின் காழி ஹஸன் இப்னு உமாரா (ரஹ்) குளிப்பாட்டினார்கள். ஐம்பதாயிரம் பேர் வரை கூடியதாகவும், கூட்டம் ஓயாததால் ஆறு முறை ஜனாஸாத் தொழுகை நடைபெற்றதாகவும், கடைசியாக மகனார் ஹம்மாது (ரஹ்) தொழுவித்ததாகவும் நூல்கள் கூறுகின்றன. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

தம்மை கைஸுரான் மையவாடியில் அடக்க வேண்டும் என்று இமாம் அவர்கள் முன்னரே வஸிய்யத் செய்திருந்தார்கள். புதிய தலைநகருக்காக எடுக்கப்பட்ட நிலங்களில், உரியவரிடமிருந்து அபகரிக்கப்பட்டவையும் இருக்கலாம் என்ற ஐயம் அன்னாருக்கு இருந்தது. கைஸுரான் நிலத்தில் அத்தகைய குற்றம் இல்லை என்று அறிந்திருந்தார்கள். வஸிய்யத்தின்படியே அங்கு அடக்கப்பட்டார்கள். ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1066) ஸல்ஜூக்கியரின் நிதி அதிகாரி ஷரஃபுல் முல்க் அபூ ஸஅது அந்தக் கபுறின் மீது குவிமாடமும், அருகில் ஒரு மத்ரஸாவும் எழுப்பினார். இமாமுல் அஃழம் என்ற பட்டப்பெயரால் அஃழமிய்யா என்று வழங்கும் பக்தாதின் அப்பகுதியில், அன்னாரின் பெயரிலேயே அமைந்த பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெற்று வருகிறது.